பெரிய எண்ணை நம்பி வாங்கிய மெமரி கார்டும், அதற்குப் பிறகு வாங்கிய மூன்றும்

கருப்பு வெள்ளை மீன்கொத்தி இரை தேடும்போது தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நிற்கும். உடம்பு முழுக்க ஆடும், தலை மட்டும் ஆடாது. எப்போது பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து நொடி நின்றுவிட்டு அப்படியே பறந்து போனாலும் போகும், சட்டென்று கல் விழுவதுபோலத் தலைகீழாக விழுந்தாலும் விழும். அதனால் அது நிற்கத் தொடங்கியதுமே ஷட்டரை அழுத்திப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கும் பிடித்தேன். நொடிக்குப் பத்துப் படம், படபடவென்று ஓடியது. எட்டு ஒன்பது நொடி போயிருக்கும், சத்தம் மாறிவிட்டது. படக், படக் என்று ஒவ்வொன்றாக விழுந்தது. கேமரா திணறுகிறது என்று எனக்கு உறைப்பதற்குள் மீன்கொத்தி பாய்ந்துவிட்டது. ஒரு படத்தில் அது காற்றில் நிற்கிறது. அடுத்த படத்தில் தண்ணீரில் ஒரு வளையம் மட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நடந்ததைப் பார்க்கத்தான் மூன்று வாரமாக அந்தக் கரையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் முக்காலியை வைத்து நின்றிருந்த அக்கா, இருபது வருடமாகப் பறவைகளைப் படம் எடுப்பவர், திரும்பிப் பார்த்தார்.

"என்ன கார்டு போட்டிருக்கே?"

"புதுசுக்கா. 170 எம்பி வேகம்."

"அது படிக்கிற வேகம். எழுதுறது எவ்வளவு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கார்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நொடிக்கு 170 எம்பி, அதாவது மெகாபைட், என்ற எண் கார்டின் முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. எழுதும் வேகம் எங்கேயும் இல்லை. அது எந்த நிறுவனத்தின் கார்டு என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை, ஏறக்குறைய எல்லோருமே அப்படித்தான் அச்சிடுகிறார்கள். அன்றைக்கு ஆரம்பித்த தேடலில் அடுத்தடுத்து மூன்று கார்டுகள் வாங்கி, ஓராண்டுக்கு மேல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். கேமரா ஒன்றுதான்: சோனி ஏ7 மார்க் 3. இந்தக் கேமராவில் கண்டதுதான் கீழே இருப்பது, ஆனால் எஸ்டி கார்டு போடும் எந்தக் கேமராவுக்கும் கணக்கு இதேதான்.

முதலில் அந்தத் திணறல் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாம் எடுக்கும் படம் நேராகக் கார்டுக்குப் போவதில்லை. கேமராவுக்குள் பஃபர் என்று ஒரு தற்காலிக நினைவகம் இருக்கிறது. படம் முதலில் அங்கே விழும், அங்கிருந்து கார்டுக்கு இறங்கும். என் கேமராவில் சுருக்கிய ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படம்) ஒன்று சுமார் 25 எம்பி. நொடிக்குப் பத்து என்றால் 250 எம்பி உள்ளே வருகிறது. கார்டு நொடிக்கு 75 எம்பி மட்டும் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் பஃபரில் தேங்கும். சோனியே இந்தக் கேமராவுக்குச் சொல்லும் கணக்கு, சுருக்கிய ராவில் ஒரே மூச்சில் 89 படம், சுருக்காத ராவில் 40. பஃபர் நிறைந்ததும் கேமராவின் வேகம் கார்டின் வேகமாகிவிடும். 75ஐ 25ஆல் வகுத்தால் மூன்று. நொடிக்குப் பத்து எடுத்துக்கொண்டிருந்த கேமரா நொடிக்கு மூன்றுக்கு இறங்கிவிட்டது. அந்த மூன்றில் ஏதோ இரண்டுக்கு நடுவில்தான் மீன்கொத்தி பாய்ந்திருக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. அழுத்துவதை நிறுத்திவிட்டாலும் பஃபர் காலியாக நேரமாகும். 89 படம் என்றால் 2,200 எம்பிக்கு மேல். 75 வேகத்தில் அது இறங்க அரை நிமிடம் வேண்டும். திரையின் இடது மேல் மூலையில் எழுத வேண்டிய படங்களின் எண்ணிக்கை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வரும், கார்டு இருக்கும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்த அரை நிமிடத்துக்குள் பறவை மறுபடி வந்து நின்றால் நமக்குக் கிடைப்பது முழுத் தொடர் அல்ல, பத்துப் பதினைந்து படத்துக்கான இடம்தான். பறவை நமக்காகக் காத்திருக்காது.

சரி, கார்டின் முகத்தில் இருப்பதைப் படிப்போம். கையில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக இருக்கும் எண் படிக்கும் வேகம், அதுவும் உச்சபட்சம். வீட்டுக்கு வந்து கணினிக்கு மாற்றும்போதுதான் அதற்கு வேலை. ஓர் ஓரத்தில் வட்டத்துக்குள் 10 என்று இருக்கும். பக்கத்தில் கிண்ணம் மாதிரி ஒரு யு எழுத்து, அதற்குள் 1 அல்லது 3. இன்னும் சின்னதாக வி30, வி60, வி90 என்று ஏதாவது ஒன்று. இந்தச் சின்ன எழுத்துகள்தான் வாக்குறுதி. வட்டத்துக்குள் 10 என்றால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 10 எம்பிக்குக் கீழே இறங்காது. யு1-க்கும் அதே 10, யு3-க்கு 30. வி-க்குப் பக்கத்தில் என்ன எண்ணோ அத்தனை எம்பி. உச்சம் அல்ல, குறைந்தபட்சம். எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதைவிட எதற்குக் கீழே போகாது என்பதுதான் படம் எடுப்பவனுக்கு வேண்டியது. அது கார்டிலேயே மிகச் சின்ன எழுத்தில் இருப்பது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

அப்புறம் ரோமன் எண். ஒற்றைக் கோடு நின்றால் யுஎச்எஸ்-1, இரட்டைக் கோடு என்றால் யுஎச்எஸ்-2. இது கார்டுக்கும் கேமராவுக்கும் நடுவில் இருக்கும் பாதையின் அகலம். முதலாவதில் நொடிக்கு 104 எம்பிக்கு மேல் போகாது. இரண்டாவதில் 312 வரை போகலாம். எழுத்தை நம்ப வேண்டாம் என்றால் கார்டைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண கார்டில் தங்க நிறத் தகடுகள் மேல் விளிம்பில் ஒரே வரிசையாக இருக்கும். யுஎச்எஸ்-2 கார்டில் அதற்குக் கீழே, சற்று இடைவெளி விட்டு, இரண்டாவது வரிசை ஒன்று இருக்கும். அந்த இரண்டாவது வரிசையைத் தொடும் பின்கள் உங்கள் கேமராவில் இல்லையென்றால் அந்தக் கார்டு அங்கே வெறும் யுஎச்எஸ்-1 கார்டுதான். வேலை செய்யும், பழுதாகாது, ஆனால் கூடுதலாகக் கொடுத்த பணம் தூங்கிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு கேள்வி வரும். பாதையே 104தான் என்றால் 170, 200 என்று யுஎச்எஸ்-1 கார்டில் எப்படிப் போடுகிறார்கள்? பொய் இல்லை. தரத்தில் இல்லாத ஒரு தனி வழியில், அதற்கென்றே செய்த கார்டு ரீடரில் போட்டால் அந்த வேகம் வரும். கேமராவுக்கு அந்த வழி தெரியாது. ஆக, 170க்கும் கேமராவுக்குள் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது மூன்று கார்டுகள்.

முதலாவது சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் புரோ, யுஎச்எஸ்-1, 128 ஜிபி. படிக்க 200, எழுத 90, வி30. ஏற்கெனவே ஒரு யுஎச்எஸ்-1 கார்டால் பாடம் படித்தவன் ஏன் மறுபடி அதே வகையை வாங்கினேன் என்றால், எழுதும் வேகம் என்னவென்று பார்த்து வாங்கினால் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கத்தான். பெரிதாகத் தெரியவில்லை. நிறைந்த பஃபர் காலியாக என் கடிகாரத்தில் அரை நிமிடத்துக்கு ஓரிரு நொடி இப்படியும் அப்படியுமாக வந்தது. யுஎச்எஸ்-1 பாதையில் இதற்கு மேல் எதிர்பார்க்க எதுவும் இல்லை. நல்ல கார்டு. வெயில், தூசு, பையின் அடியில் கிடந்தது எல்லாவற்றையும் தாங்கியது, ஒரு படம்கூடக் கெட்டதில்லை. ஒற்றை ஒற்றையாகப் படம் எடுப்பவர்கள், நிலக்காட்சி எடுப்பவர்கள், குழந்தைகளை எடுப்பவர்கள் இதோடு நின்றுகொள்ளலாம். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். இதே பெயர், இதே நிறம், கொள்ளளவு மட்டும் வேறு என்றால் எழுதும் வேகமும் வேறாக இருக்கும். இந்த வரிசையில் 128க்கு 90, 256க்கு 140 என்று நிறுவனமே சொல்கிறது. பெயரைப் பார்த்து ஒன்றை எடுத்தால் போதாது, அந்தக் கொள்ளளவுக்கு என்ன எண் என்று பார்க்க வேண்டும். 140 என்றாலும் 104 பாதையில் கேமராவுக்கு அது பயன்படாது என்பது தனி.

இரண்டாவது லெக்ஸார் புரொஃபஷனல் 1667எக்ஸ், யுஎச்எஸ்-2, வி60. படிக்க 250, எழுத 120. அந்த 1667 என்ன என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பழைய சிடி டிரைவின் முதல் வேகம் நொடிக்கு 150 கிலோபைட். அதுதான் ஒரு எக்ஸ். 1667ஐ 150ஆல் பெருக்கினால் 250 எம்பி வருகிறது. அதாவது பெயரே படிக்கும் வேகத்தை வைத்துத்தான். எழுதுவது அதில் பாதிகூட இல்லை. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை. சரியான துளையில் போட்டால் (அது என்ன என்று அடுத்த கார்டில் சொல்கிறேன்) பஃபர் இருபது நொடிக்குக் கொஞ்சம் மேலே எடுத்துக் காலியாகிறது. நிறைந்த பிறகும் நொடிக்கு நான்கு படம் போல வருகிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் வரிசைப் பின்கள் உள்ள ரீடரில் போட்டால் கோப்புகள் கணினிக்குச் சரசரவென்று இறங்குகின்றன. ஒரு நாளில் இரண்டாயிரம் படம் எடுத்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும் ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இந்த நிறுவனத்தின் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. 2017-ல் அப்போதைய உரிமையாளரான மைக்ரான் இந்தப் பெயரையே மூடப்போவதாக அறிவித்தது, அதே ஆண்டில் லாங்சிஸ் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. எனவே பத்து வருடத்துக்கு முந்தைய லெக்ஸார் பற்றி யாராவது சொல்லும் நல்லதையோ கெட்டதையோ இன்றைய கார்டின் தலையில் ஏற்றிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. நான் வாங்கியது புதியது, என்னிடம் ஒழுங்காக நடந்துகொண்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது சோனி டஃப், எஸ்எஃப்-ஜி வரிசை, யுஎச்எஸ்-2, வி90. படிக்க 300, எழுத 299. எழுதும் வேகத்தைப் படிக்கும் வேகத்தோடு சரிசமமாகச் சொல்லும் கார்டைக் கையில் எடுத்ததே ஒரு நிம்மதி. ஆனால் இதைப் போட்ட முதல் இரண்டு வாரம் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே அரை நிமிடம். கார்டு போலியோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் கேமராவின் கார்டு கதவைத் திறந்து வைத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஏ7 மார்க் 3-ல் இரண்டு துளைகள் இருக்கின்றன. ஒன்று யுஎச்எஸ்-2, மற்றொன்று யுஎச்எஸ்-1 மட்டும். வேகமானது ஸ்லாட் 1, அது கீழே இருக்கிறது. மேலே இருப்பதுதான் ஒன்றாவது என்று நினைத்து வி90 கார்டை மேல் துளையில் செருகி வைத்திருந்தேன். பதினைந்து நாள் அந்தக் கார்டின் இரண்டாம் வரிசைத் தகடுகளை எதுவும் தொடவே இல்லை. கீழே மாற்றினேன். ஷட்டரை அழுத்தி 89 வரை ஓடவிட்டு, விரலை எடுத்து, எண்ணினேன். பதினைந்து பதினாறு நொடியில் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது.

இரண்டு துளை உள்ள கேமரா வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே கையேட்டைத் திறந்து, எந்தத் துளை எந்த வேகம் என்று பார்த்துவிடுங்கள். கார்டு தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

299 என்று போட்டிருக்கிறதே, 2,200 எம்பி ஏழெட்டு நொடியில் அல்லவா இறங்க வேண்டும் என்று கேட்கலாம். கேமராவுக்கும் ஒரு வேகம் உண்டு. அது கொடுக்கும் வேகத்தில்தான் கார்டு வாங்கிக்கொள்ள முடியும். என் கணக்குப்படி இந்தக் கேமரா நொடிக்கு 150 எம்பி அளவில்தான் கொடுக்கிறது. எனவே இந்தக் கார்டின் முழுத் திறமையை என் கேமராவால் பார்க்க முடியாது. ஆனாலும் அரை நிமிடம் கால் நிமிடமானது எனக்குப் பெரிய மாற்றம். பஃபர் நிறைந்த பிறகும் நொடிக்கு ஐந்தாறு படம் வருகிறது. மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு மீன்கொத்தி பாயும்.

டஃப் கார்டின் உடம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கு முன் எனக்கு ஒரு கார்டு உடைந்திருக்கிறது. சாதாரண எஸ்டி கார்டு இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் ஓடுகளை ஒட்டிச் செய்வது. தடிமன் மொத்தமே 2.1 மில்லிமீட்டர். பின் பக்கத்தில் தகடுகளுக்கு நடுவே நூல்போல மெல்லிய தடுப்புகள் இருக்கும். பழைய கார்டு ஒன்றில் அதில் ஒரு தடுப்பு எப்போது பிய்ந்தது என்றே தெரியாமல் பிய்ந்து, கேமரா துளைக்குள் விழுந்துவிட்டது. அடுத்த கார்டைச் செருகினால் பாதியில் நிற்கிறது. இடுக்கியின் முனையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அரிசி நொய்யைவிடச் சின்னதான அந்தத் துண்டை வெளியே எடுத்தேன். உள்ளே இருக்கும் ஒரு பின் வளைந்திருந்தால் கேமராவையே பழுதுபார்க்கக் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கார்டின் ஓரத்தில் இருந்த பூட்டுக் குமிழும் தளர்ந்து தானாக நகரும். அந்தக் குமிழ் கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் துளைக்குள் இருக்கும் சுவிட்ச் தொட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். குமிழ் கழன்று விழுந்துவிட்டால் கேமரா அதைப் பூட்டிய கார்டு என்றே எடுத்துக்கொள்ளும். அந்தப் பள்ளத்தை மெல்லிய டேப் ஒட்டி மூடினால் மறுபடி எழுதும். அவசரத்துக்கு நான் அப்படி ஒரு நாள் ஓட்டியிருக்கிறேன். டஃப் கார்டில் அந்தத் தடுப்புகளும் இல்லை, குமிழும் இல்லை, ஒட்டும் இல்லை. ஒரே வார்ப்பு. சாதாரண கார்டைவிட வளைவைப் பதினெட்டு மடங்கு தாங்கும் என்று சோனி சொல்கிறது, தண்ணீருக்கும் தூசுக்கும் ஐபி68 தரம். நான் வளைத்துப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். விரலில் பிடித்தால் ஒரு கல்துண்டு மாதிரி கெட்டியாக இருக்கிறது, செருகும்போது தயக்கமில்லாமல் உள்ளே போகிறது. தவறுதலாக அழிக்காமல் இருக்கப் பூட்டுக் குமிழைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும் இது குறையாகத் தெரியும்.

வீடியோ எடுப்பவர்கள் வி90 இல்லாவிட்டால் ஆகாது என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கேமராவில் 4கே வீடியோவின் உச்சத் தரம் 100 எம்பிபிஎஸ். அது மெகாபிட். கார்டின் எண் மெகாபைட். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட்தான். 100 மெகாபிட்டில் எடுக்க யு3 கார்டு வேண்டும் என்று சோனியும் கேட்கிறது. ஆக, வி30 கார்டு இதற்குத் தாராளமாகப் போதும். 400 மெகாபிட்டில் எடுக்கும் கேமரா என்றால் 50 மெகாபைட் ஆகிறது, அங்கே வி60 வேண்டும். வி90 என்பது அதற்கும் மேலே எடுப்பவர்களுக்கு. எனக்கு வி90 தேவைப்பட்டது வீடியோவுக்காக இல்லை, பறவைக்காக. வீடியோ ஒரே சீராக ஓடும் குழாய். பர்ஸ்ட், அதாவது ஷட்டரை அழுத்திப் பிடித்து எடுக்கும் தொடர், திடீர் வெள்ளம்.

சில கார்டுகளில் ஒரு தந்திரம் இருக்கிறது. எழுதும் வேகம் 100க்கு மேல் என்று போட்டிருக்கும், முதல் சில ஜிபி வரை அப்படியே ஓடும், பிறகு விழும். ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் மலிவான ஃபிளாஷ் நினைவகத்தில், முதலில் வரும் தரவைச் செல்லுக்கு ஒரு பிட்டாக வேகவேகமாக எழுதி வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக அடுக்கும். அந்த வேகமான பகுதி நிறைந்ததும் உண்மையான வேகம் வெளியே வரும். வி எண்ணுக்கு மதிப்பு இங்கேதான். இன்னொன்று, ஃபிளாஷ் நினைவகத்தில் பழையதை அழித்த பிறகுதான் புதியதை எழுத முடியும். படங்களை ஒவ்வொன்றாக அழித்து அழித்து மாதக்கணக்கில் ஓட்டிய கார்டு தளர்வதற்கு அதுவும் ஒரு காரணம். கணினிக்கு மாற்றி, இன்னொரு பிரதியும் எடுத்துவிட்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிடுவேன்.

இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதுவது பாதுகாப்பு, அதில் மறுபேச்சில்லை. ஆனால் வேகம் மெதுவான பக்கத்துக்குத்தான் போகும். என் கேமராவில் ஸ்லாட் 2 யுஎச்எஸ்-1 என்பதால், ராவை இரண்டிலும் எழுதச் சொன்னால் வி90 கார்டும் அந்த நடைக்கு வந்துவிடும். 2012-ல் வந்த கேனான் 5டி மார்க் 3-லும் இதே கதைதான். அதன் காம்பாக்ட் ஃபிளாஷ் (எஸ்டியைவிடப் பெரிய, பழைய வகைக் கார்டு) பக்கம் வேகமானது, எஸ்டி பக்கத்தில் யுஎச்எஸ் வசதியே கிடையாது. எனக்கு அந்தப் பறவை மறுபடி வராது என்றாலும், ஒரு திருமணத்தையோ ஒரு பரிசளிப்பையோ எடுப்பவர் வேகத்தை விட்டுவிட்டு இரண்டு பிரதி வைத்துக்கொள்வதுதான் சரி. அவர் எடுக்கும் நிமிடமும் மறுபடி வராது, அது இன்னொருவருடையது.

சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேகமான வேறு வகைக் கார்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, என் கேமராவில் அது போகாது. அக்காவின் புதிய கேமராவில் டைப் பி இருக்கிறது. எஸ்டியைவிடப் பெரியது, கனமானது, கணினியின் எஸ்எஸ்டி பேசும் அதே மொழியில் பேசுகிறது. டைப் பி-க்கு நொடிக்கு சுமார் 2,000 எம்பி, சின்னதான டைப் ஏ-க்கு 1,000 என்பது பாதையின் எல்லை. 2023-ல் வந்த 4.0 தரம் அதை இரட்டிப்பாக்கியது. ஒரு முறை நீண்ட தொடருக்குப் பிறகு அக்கா கார்டை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சூடான நாணயம் மாதிரி இருந்தது. சூடு ஏறினால் கார்டே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அங்கேயும் உச்ச எண்ணை விட்டுவிட்டு விபிஜி 200, விபிஜி 400 என்ற குறியைத் தேட வேண்டும். எஸ்டியில் வி எண் செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், மற்ற எல்லோரையும்விடக் குறைந்த விலைக்கு, 128 ஜிபி கார்டு ஒன்று வாங்கினேன். அட்டை, எழுத்து, நிறம் எதிலும் குறை சொல்ல முடியாது. கேமராவும் 128 என்றே காட்டியது. முதல் இரண்டு நாள் படங்கள் நன்றாக இருந்தன. மூன்றாம் நாள் கணினியில் திறந்தால் சிறு படம் தெரிகிறது, பெரிதாக்கினால் மேலே ஒரு பட்டை மட்டும் பறவை, கீழே முழுக்கச் சாம்பல். உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் இல்லாத இடத்தை இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையான இடம் தீர்ந்த பிறகு வந்ததெல்லாம் காற்றில் போயிருக்கிறது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். அது கார்டு முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். எட்டில் ஒரு பங்குதான் திரும்பி வந்தது. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்று ஒன்று இருக்கிறது. அன்றிலிருந்து புதிய கார்டு எதுவானாலும், எங்கே வாங்கினாலும், இந்தச் சோதனை முடியாமல் கேமராவுக்குள் போகாது. எழுதும் வேகம் என்ன வருகிறது என்பதையும் அதுவே காட்டிவிடுகிறது. மேலே சொன்ன மூன்றும் இதில் தேறியவை.

கார்டு ரீடரில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய யுஎஸ்பி 2.0 ரீடரில் நொடிக்கு 35 எம்பி போல வரும். நிறைந்த 64 ஜிபி கார்டு காலியாக அரை மணி நேரம். அதே கார்டு 250-ல் ஓடினால் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. யுஎச்எஸ்-2 கார்டு வாங்கிவிட்டு ரீடரை மாற்றாதவர்கள் அந்த நான்கு நிமிடத்தை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் கேமராவுக்கு எது என்று கேட்டால்: பறவை, விளையாட்டு, ஓடுகிற எதையும் எடுப்பவர்களுக்கு ஸ்லாட் 1-ல் வி90. அந்த விலை கைக்கு எட்டாவிட்டால் லெக்ஸார் வி60, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு நல்ல வி30 ஒன்று போதும், மிச்சப் பணத்தில் இரண்டாவது கார்டு வாங்கலாம். கொள்ளளவில் நான் 128க்கு மேல் போவதில்லை. ஒரு கார்டு தொலைந்தால் தொலைவது ஒரு நாள் படமாக இருக்கட்டும், ஒரு மாதப் படம் வேண்டாம்.

இப்போது என் கேமராவின் கீழ்த் துளையில் டஃப், ரா மட்டும். மேல் துளையில் அந்த 170 கார்டேதான், சின்ன அளவு ஜேபெக் மட்டும் அதற்குப் போகிறது. அதில் இருப்பதைக் கரையிலேயே போனுக்கு மாற்றி அக்காவுக்குக் காட்டுகிறேன். போன வாரம் ஒரு தொடரில் ஐந்து படம் காட்டினேன். மூன்றாவதில் அலகின் நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது, வளையம் இன்னும் விரியவில்லை.